ஓர் எழுத்துக்குள் ஓர் ஊர்



இன்று ஒரே ஓர் எழுத்தைப் பற்றி உங்களோடு பேச விழைகிறேன். தேர்தல், தீர்மானம், திட்டம், எதிர்ப்பு என்று கிழமை முழுதும் பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமையில் ஓர் எழுத்துக்காக ஒதுங்கி நிற்பதில் இழப்பொன்றும் நேர்ந்துவிடாது. நாட்டின் வரலாற்று ஏட்டில் ஏறியிருக்கும் எழுத்து அது.

இராசபாளையம் பி. எஸ். குமாரசாமி ராஜாவை அறிவீர்கள். 1949 ஏப்ரலிலிருந்து 1952 ஏப்ரல் வரை சென்னையின் முதலமைச்சராக வீற்றிருந்தவர்; பின்னர் 1954இல் ஒரிசாவின் ஆளுநரானவர்; தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தவர். அவர் பெயரின் முன்னே நிற்கும் 'பி' என்னும் எழுத்து எதைக் குறிக்கிறது? தந்தையின் பெயர் என்று நினைப்பீர்கள்; தமிழ்நாட்டு வழக்கம் அப்படித்தானே! ஆனால் அந்த எழுத்துக்குள் இருப்பவர் தந்தையும் அல்லர், தாத்தாவும் அல்லர். ஓர் ஊர் இருக்கிறது. இராசபாளையத்துக்கு வெகு தொலைவில், கிருஷ்ணையாறு பாயும் ஆந்திர மண்ணில் இருக்கும் பூசபாடு என்னும் ஊர்! அவ்வூரால் வந்த குடும்பப் பெயரே 'பூசபாடி'. அதன் சுருக்கமே அந்தப் 'பி'.

தமிழ்நாட்டில் அரிதாகவே காதில் விழும் பெயர் இது. திருவில்லிபுத்தூரின் கோபுர நிழலிலிருந்து தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் இராசபாளையம். பழையபாளையம், புதுப்பாளையம், சக்கராஜாக்கோட்டை, சிங்கராஜாக்கோட்டை என்று பகுதி பகுதியாக அமைந்த ஊர். அங்கே ராஜுக்கள் எனப்படும் தெலுங்கு பேசும் மக்களிடையே இந்தப் பெயரைக் கேட்கலாம். அவ்வட்டாரத்தைக் கடந்து விட்டால், மதுரையிலோ திருச்சியிலோ தஞ்சையிலோ எளிதில் கேட்க மாட்டீர்கள். மீண்டும் அது உரத்து ஒலிப்பது எங்கே? ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வட ஆந்திரத்து விசயநகரத்தில்! அங்கே அது அரண்மனைப் பெயர். பூசபாடி கஜபதி ராஜுக்களின் பெயர்.

நடுவிலே இத்தனை பெரிய இடைவெளி ஏன்? தெற்கே ஒரு சிறு கூட்டம், வடக்கே ஓர் அரச குடும்பம். இவ்விரண்டையும் ஒரே பெயர் எப்படிப் பற்றிக்கொண்டது? விடை காண முதலில் அந்தப் பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தெலுங்கு மக்கள் குடும்பப் பெயரை 'இண்டிபேரு' என்பர். வீட்டுப் பெயர் என்பது பொருள். தெலுங்கிலே வீட்டுக்கு 'இல்லு' என்று பெயர். நம் 'இல்' தான் அது! 'இல்லு' என்பது உடைமைப் பொருளில் 'இண்டி' என்று திரிகிறது. அதே முறையில், ஊரைக் குறிக்கும் 'பாடு' என்னும் சொல்லின் இறுதி வல்லோசை பெற்று, ஏறத்தாழப் 'பாட்டி' என ஒலிக்கும். 'பூசபாட்டி' என்றால் 'பூசபாட்டைச் சேர்ந்த' என்று பொருள். தமிழர் நாவில் அது 'பூசபாடி' ஆயிற்று. நாம் 'நாடு' என்பதை 'நாட்டு' என்றும், 'காடு' என்பதைக் 'காட்டு' என்றும் சொல்வதில்லையா? அதே இலக்கணம்! இம்மொழிகள் ஒரு குடும்பத்தவை என்பதை 1816இல் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கண நூலால் நிலைநாட்டினார். அந்தக் கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி, இந்த இராசபாளையத்துக்குத் தெற்கே நெல்லைச் சீமையில் இருக்கும் ஊர்தான்.

ஆக, பெயரின் உட்பொருள் இன்ன ஊரான் என்பது மட்டுமே. அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவர் சார்ச்சு வாசிங்டனின் குடும்பப் பெயரும் இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயரே. ஊரைவிட்டுப் போனவன் ஊரின் பெயரைச் சுமந்து செல்கிறான். உலகெங்கும் காணும் மனித இயல்பு இது.

இனி, இடைவெளியின் கதைக்கு வருவோம். துங்கபத்திரைக் கரையில் எழுந்த விஜயநகரப் பேரரசு வேறு. வட ஆந்திரத்து விசயநகரம் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டா. பேரரசின் படைகள் தெற்கே இறங்கின. 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி வேரூன்றியது. விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது வரலாறு. வேலோடும் வாளோடும் வந்தவர்கள், பின்னர் ஏரோடும் பருத்தியோடும் தங்கினர். தெலுங்கு பேசும் மக்கள் பலர் தென்பாண்டி நாட்டுக் கரிசலில் குடியேறியது இந்தப் பெரும் பெயர்ச்சியால்தான். ராஜுக்கள் இராசபாளையத்தில் ஒரே இடத்தில் திரண்டு தங்கினர். அதனால்தான் அவர்தம் வீட்டுப் பெயர்களும் அவ்வட்டாரத்தைவிட்டு அதிகம் பரவவில்லை.

வடக்கே சென்ற கிளையின் கதை வேறு. கலிங்க எல்லையில் அவர்கள் நிலம் பெற்றார்கள்; வலிமை பெற்றார்கள். 1713இல் விசயநகரத்தில் கோட்டை எழுப்பினார்கள். 1757இல் பிரெஞ்சுத் தளபதி புசியோடு சேர்ந்து பொப்பிலிமீது போர் தொடுத்தார்கள்; அந்தப் போரின் முடிவில் விசயநகரத்து அரசரும் மாண்டார். 1794இல் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்துப் பத்மநாபத்தில் நின்ற விசயநகர அரசர் களத்திலே வீழ்ந்தார். 1936இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய 'விசி' என்பாரும் இந்தக் குடும்பத்தவரே.

பெயர் ஒன்று. ஆனால் ஓரிடத்தில் அது அரண்மனை வாசலில் பொறிக்கப்பட்டது; மற்றோரிடத்தில் பருத்திக் காட்டுக்காரரின் முன்னெழுத்தாக ஒடுங்கியது. உயர்வு பெயரில் ஊறிக் கிடப்பதாயின் இந்த வேறுபாடு எப்படி வரும்? நிலமும், படையும், காலமும், வாய்ப்பும் உயர்த்திய இடத்தில் உயர்த்தின. குலப்பெருமை பேசுவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்!

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1949இல் சென்னை என்பது இன்றைய தமிழ்நாடு மட்டுமன்று. ஆந்திரக் கடற்கரையும் அதில் அடக்கம், விசயநகரமும் அடக்கம். ஜமீன்களை ஒழித்து நிலத்தை இரயத்துவாரி முறைக்குக் கொணரும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் 1949இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் யார்? இராசபாளையத்துப் பூசபாடி குமாரசாமி ராஜா! ஒழிந்துபோன பெரும் ஜமீன்களுள் ஒன்று எது? விசயநகரத்துப் பூசபாடிகளின் ஜமீன்! ஒரே ஊர்ப்பெயரைச் சுமந்த ஒருவரின் ஆட்சியில், அதே ஊர்ப்பெயரைச் சுமந்த மற்றொருவரின் ஜமீன் முடிவுற்றது. பெயர் தடுக்கவில்லை, சட்டம் வென்றது. அந்த அரண்மனையின் வாரிசான பி. வி. ஜி. ராஜுவே சமதர்மக் கட்சியில் சேர்ந்து மக்களிடம் வாக்குக் கேட்டார் என்றால், மிச்சம் சொல்ல என்ன இருக்கிறது!

குமாரசாமி ராஜா காங்கிரசுக்காரர். அவர் ஆட்சியின்போது, 1949 செப்டம்பர் 17இல் பிறந்தது கழகம். அவருக்கும் நமக்கும் கருத்து வேற்றுமைகள் மலையளவு. எனினும் நேர்மையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்புவாரி உரிமை ஆணை செல்லாது என்று 1950 சூலையில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதை ஏற்காமல் உச்சநீதிமன்றம் வரை சென்று வாதாடியது அவருடைய அரசு. 1951 ஏப்ரலில் அங்கும் தோல்வி, தமிழகம் கொதித்தது, அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக வாதாடிய அந்த அரசின் தலைவருடைய வீட்டுப் பெயர் கிருஷ்ணைக் கரையைச் சேர்ந்தது. அதே மனிதரை 1952 பொதுத்தேர்தலில் திருவில்லிபுத்தூர்த் தொகுதியில் மக்கள் தோற்கடித்தார்கள். வாக்குச் சீட்டில் கட்சிக்குச் சின்னம் உண்டு. இண்டிபேருக்குச் சின்னம் இல்லை!

இதை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறேன்? இருவேறு குரல்கள் இன்று கேட்கின்றன. "நீ வந்தேறி; உன் வீட்டுப் பெயரே காட்டிக்கொடுக்கிறதே!" என்பது ஒரு குரல். "நாங்கள் அரச மரபு, எங்கள் பெயரைக் கேட்டு எழுந்து நில்!" என்பது மற்றொரு குரல். இரண்டும் ஒரு பிழையின் இரு கிளைகள். பிறந்த ஊரைச் சொல்லும் பெயரைப் பிறவித் தகுதியாக்குவதே அந்தப் பிழை. நூற்றாண்டுகளாக இந்த மண்ணை உழுது, இந்த மண்ணிலேயே புதைந்து, இம்மண்ணின் நன்மை தீமைகளில் பங்கு கொண்டவர்களை வந்தேறி என்பது வரலாறும் ஆகாது, வளமான அரசியலும் ஆகாது. அதேபோல, எந்தக் காலத்திலோ எவனோ பிடித்த வாளைக் காட்டி இன்று ஏற்றம் கோருவது பகுத்தறிவும் ஆகாது, மானமும் ஆகாது.

"ஊர்ப்பெயருக்கும் சாதிப்பட்டத்துக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்பீர்கள். பெரிய வேறுபாடு உண்டு. பூசபாடி என்பது எங்கிருந்து வந்தாய் என்பதைச் சொல்கிறது. பெயரின் வாலில் ஒட்டும் பட்டமோ, ஏணியில் எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்கிறது. முன்னது வழிகாட்டிப் பலகை, பின்னது வாயிற்காவலன். தந்தை பெரியாரின் முதலெழுத்து எது? ஈரோடு! பேரறிஞர் அண்ணாவின் முதலெழுத்து எது? காஞ்சிபுரம்! ஊரைத் தலையில் சூடுவதற்கு நம் தலைவர்கள் நாணவில்லை, பட்டத்தைத்தான் வெட்டியெறிந்தார்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில், சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப்பட்டங்களைத் துறக்குமாறு அறைகூவியது. 1931இல் மூன்றாவது மாநில மாநாடு கூடியது எங்கே? இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இன்று மாவட்டத் தலைநகராக விளங்கும் விருதுநகரில்! பெயரைக் கேட்டுச் சாதியை அறிய இயலாத நிலை தமிழ்நாட்டில் இவ்வளவு பரவியதற்கு அந்த மாநாடுகள் தந்த மான உணர்ச்சியே ஊற்று.

ஆனால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது, தோழர்களே! பட்டம் போயிற்று, பற்று முழுதும் போயிற்றா? 2023 ஆகசுட்டில் நாங்குநேரியில், உடன்பயின்ற மாணவனையே வீடு புகுந்து வெட்டினார்கள் மாணவர்கள். அதன் பின்னர் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. மாணவர் கைகளில் சாதி நிறக் கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது என்று பரிந்துரைத்தது. பெயரின் வாலில் அறுத்ததை மணிக்கட்டில் கட்டுகிறார்கள்! வாலை வெட்டினோம், வேரை வெட்டினோமா?

வேர் எங்கே இருக்கிறது? திருமணத்தில் இருக்கிறது. ராஜுக்களின் வழக்கத்தையே பாருங்கள். ஒரே கோத்திரத்துக்குள் மணம் கூடாது என்று விலக்குவர். அதற்காகவே வீட்டுப் பெயரையும் கோத்திரத்தையும் கேட்பர். நெருங்கிய உறவை விலக்க ஒரு வேலி. சாதிக்கு வெளியே போகாதிருக்க ஒரு மதில். இது ராஜுக்களுக்கு மட்டுமா? பெயர்களை மாற்றிப் போட்டால் தமிழ்நாட்டின் எல்லாச் சாதிக்கும் பொருந்தும். உங்கள் வீட்டுக்கும் பொருந்தும், என் வீட்டுக்கும் பொருந்தும். வேலி இருக்கட்டும், மதில் இடியட்டும். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967இல் அண்ணா அரசு சட்டம் இயற்றியது அந்த மதிலை இடிக்கத்தான்.

மற்றுமொரு புதிய வாயிலும் திறந்திருக்கிறது. கடவுச்சீட்டு, கல்லூரி விண்ணப்பம், அயல்நாட்டு அலுவல் எங்கும் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் நிற்கிறது. அதை நிரப்பத் தெரியாமல் விழிக்கும் இளைஞர்களில் சிலர், பாட்டனார் துறந்த பட்டத்தைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டுகிறார்கள். வேண்டா, தம்பி! ஐசுலாந்து நாட்டில் பெரும்பாலோர்க்குத் தந்தை அல்லது தாயின் பெயரே பின்பெயர். அதனால் அவர்கள் உலகில் தாழ்ந்துவிடவில்லை. தந்தையின் பெயரை எழுது. தாயின் பெயரை எழுது. ஊரின் பெயரை எழுது. பட்டத்தை மட்டும் எழுதாதே! கிளைக்கழகத் தோழர்களே, பள்ளிச் சேர்க்கைக்கும் விண்ணப்பம் நிரப்பவும் மக்கள் உங்களைத்தான் நாடி வருகிறார்கள். எழுதுகோல் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில், இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

முடிக்குமுன் திருவில்லிபுத்தூருக்கு ஒருமுறை திரும்புவோம். அவ்வூரின் பெயரை நாடறியச் செய்தவள் யார்? கோதை. துளசிச் செடியின் அடியில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்று அவளைப் பற்றிக் கதை சொல்கிறார்கள். நாம் அந்தக் கதையை நம்பலாம், நம்பாதிருக்கலாம். ஆனால் நம்புகிறவர்களைக் கேட்கிறேன். அவள் வீட்டுப் பெயர் என்ன? கோத்திரம் என்ன? பெற்றவர் யார்? எதுவும் தெரியாத பெண்ணைத்தான் தேரில் ஏற்றி ஊர் கூடி வடம் பிடிக்கிறீர்கள்! அவளுக்குத் தேவைப்படாத பட்டம் உங்கள் பிள்ளைக்கு எதற்கு?

இராசபாளையத்தின் ஓர் எழுத்துக்குள் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரை நினைவில் வைப்போம். நடந்து வந்த வழியை அது சொல்லட்டும். நம் பிள்ளைகளின் பெயருக்குள் ஊர் இருக்கட்டும், தாய் இருக்கட்டும், தந்தை இருக்கட்டும். சாதிக்கு அங்கே ஓர் எழுத்தளவும் இடம் வேண்டா!