குலசாமி எந்தப் பக்கம்?

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் பகுதியைச் சுற்றிக் காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. மதுரை திருநகரிலிருந்து பைக்கை எடுத்தால் ஒரு மணி நேரம் போதும். ஹார்விபட்டி, ஹார்வி மில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஊர். பசுமலை, அமெரிக்க மிஷன் பாதிரிமார் கூடாரம் போட்ட இடம். இன்றைக்குக் கோரிப்பாளையத்தில் இருக்கிற அமெரிக்கன் கல்லூரி 1881-இல் பிறந்தது அங்கேதான். நிலையூர் கைத்தறி நகருக்குள் போனால் காதில் சௌராஷ்டிரம் விழும். உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்தால் டீக்கடையில் இந்தி. நடுவில் திருப்பரங்குன்றம் மலை: அடியில் முருகன், உச்சியில் சிக்கந்தர் தர்கா, பாறை மறைவில் சமணர் கற்படுக்கை.

2025 பிப்ரவரியில் மலையை வைத்துப் பிரச்சினை கிளம்பி மாவட்டத்துக்கே இரண்டு நாள் 144 போட்டார்கள். கார்த்திகை தீபத்துக்கு மறுபடியும் தகராறு. ஒவ்வொரு தடவையும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன். "உங்க ஊர்ல ஒரே கலவரமாமே?" நானும் சளைக்காமல் சொல்வேன்: "அதெல்லாம் டிவியிலதான். இங்க மாமன் மச்சானாத்தான் பழகுறோம்."

பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மாமனிடமும் மச்சானிடமும் ஒரு வீடு வாடகைக்குக் கேட்டுப் பார்க்கும்வரைதான் அப்படிச் சொல்ல முடிந்தது.

எங்கள் அலுவலகத்துக்கு ராமநாதபுரத்திலிருந்து ஒருவர் மாற்றலாகி வந்தார். தங்கமான மனிதர். மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். "அண்ணே, ஆபீஸ் பக்கத்துலயே ஒரு வீடு பாத்துக் குடுங்க" என்றார். எனக்குத் தெரியாத தெருவா என்று இறங்கினேன். மூன்று வாரம், பதினோரு வீடு.

எங்கள் பக்கத்தில் யாரும் நேராக "என்ன சாதி?" என்று கேட்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம். முதலில் "சொந்த ஊரு எது?" ராமநாதபுரம் என்றால், "அங்கன எந்தப் பக்கம்?" ஊர்ப் பெயர் பிடிபடவில்லையென்றால், "குலசாமி எங்கிட்டு இருக்கு?" இந்த மூன்று கேள்விக்குள் ஆள் யார் என்று அளந்துவிடுவார்கள். என் நண்பர் விஷயத்தில் அந்தச் சிரமமே இல்லை. முதல் கேள்விக்கு முன்னாலேயே பெயரைச் சொன்னேன், முடிந்தது.

"பாய்ங்களா? வேற ஒண்ணும் நெனச்சுக்கிறாதீக. எனக்கு ஒண்ணுமில்ல, வீட்ல அம்மாதான்…" என்றார் ஒருவர். அந்த அம்மா உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்; அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொருவர், "நாங்க சுத்த சைவம்ல" என்றார். ஞாயிறு காலை கறிக்கடையில் எனக்கு முன்னால் தூக்குச்சட்டியோடு நிற்கிறவர் அவர். காலையில் காலி என்று சொன்ன மாடி, சாயங்காலம் "மருமகன் வர்றாப்ல" என்று நிரம்பிவிட்டது. மருமகன் இன்னும் வரவில்லை. வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை இன்னும் கேட்டில் தொங்குகிறது.

ஒரு சாராரை மட்டும் சொன்னால் பாவம். பாய்மார் வீடுகளிலும் "நம்ம ஆளுகளுக்குத்தான்" உண்டு. கிறிஸ்தவர்கள் எந்த சர்ச் என்று கேட்கிறார்கள். முகாமில் வளர்ந்த ஒரு பையன் நல்ல வேலையில் இருக்கிறான், வெளியே வீடு கிடைக்காமல் அலைகிறான். "பேச்சு வேற மாதிரி இருக்கே" என்று தொடங்குகிற விசாரணை "முகாமா?" என்பதோடு நின்றுவிடுகிறதாம். பட்டியல் சாதிக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டால் "இப்பத்தான் தெரியுமா உங்களுக்கு?" என்று சிரிப்பார்கள்.

2011-இல் திருநகர், ஹார்விபட்டி, திருப்பரங்குன்றம் எல்லாவற்றையும் மதுரை மாநகராட்சியோடு சேர்த்து நூறு வார்டு ஆக்கினார்கள். வரி ஒன்று, குப்பை வண்டி ஒன்று. தெரு மட்டும் அப்படியே தெருத்தெருவாக இருக்கிறது. எல்லா விதமான மனிதர்களும் இருக்கிறோம், அவரவர் தெருவில்.

பன்னிரண்டாவது வீடு ஒன்று இருந்தது. என் வீட்டு மாடிதான். போன வருசம் காலியானபோது அட்டைகூட மாட்டவில்லை. மச்சினன் வழியில் ஒரு சொந்தக்காரர் சாமானை இறக்கிவிட்டார். நான் அவரிடம் ஊர் கேட்கவில்லை, குலசாமி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, ரெண்டும் என்னுடையதுதானே. மாடியைப் பற்றி நண்பரும் ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. அது மரியாதையா, தெரிந்துகொண்டதா என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் அவர் நெல்பேட்டைப் பக்கம் வீடு பிடித்தார். தினமும் டவுன் பஸ்ஸில் நெரிசலில் நின்றபடி வருகிறார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கி, ஒருநாள் என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். வாசலில் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, "மருமகன் வர்றாப்ல" வீட்டம்மா ஒரு டம்ளரை நீட்டினார்.

"உங்க ஆபீஸ் பாய் குடுத்ததா? என்னா ருசி! அடிக்கடி கொண்டாரச் சொல்லுங்க."

கஞ்சிக்கு யாரும் ஊர் கேட்பதில்லை.