முருங்கை விளையும் சீமையில் ரத்த சோகை!

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக முருங்கைக்காய் வந்து இறங்குகிறது. லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகிறது. கொய்யாப் பழத்துக்கு ஆயக்குடி. மலை வாழைக்குச் சிறுமலை. நிலக்கடலை, கம்பு, சோளம் எல்லாம் திண்டுக்கல் வட்டாரத்தில் விளைகின்றன.

விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் விளைவிக்கும் வீட்டுப் பெண்களின் உடம்பில் ரத்தம் போதவில்லை!

மத்திய அரசு 2019 முதல் 2021 வரை குடும்ப நலக் கணக்கு எடுத்தது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை இருப்பது தெரிந்தது. 2015-16-ல் எடுத்த கணக்கில் இது 55. இத்தனை ஆண்டுகளில் குறைந்தது இரண்டே பேர்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். 51 ஆக இருந்தது 57 ஆக ஏறிவிட்டது.

படி ஏறினால் மூச்சு வாங்கும். தலை சுற்றும். முகம் வெளுக்கும். "வேலை அசதி" என்று சொல்லிக் கொண்டே பெண்கள் காலம் தள்ளுகிறார்கள். பிரசவத்தில் ரத்தப் போக்கு ஏற்பட்டால், ரத்த சோகை உள்ள தாயின் உயிருக்கே ஆபத்து.

கீரை மட்டும் போதுமா?

"முருங்கைக் கீரை தின்றால் ரத்தம் ஊறும்" என்பார்கள். பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, 100 கிராம் முருங்கைக் கீரையில் சுமார் 4½ மில்லி கிராம் இரும்புச் சத்து இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ 29 மில்லி கிராம். வாரத்தில் ஒரு நாள் ஒரு கைப்பிடிக் கீரை எந்த மூலைக்கு?

அது மட்டுமல்ல. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு முழுவதும் உடம்பில் ஒட்டாது. பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிது. அதைச் சேர வைப்பது வைட்டமின் 'சி'. கெடுப்பது தேநீர். சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ குடித்தால், டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக் கொள்கிறது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வைட்டமின் 'சி'க்கு எங்கே போவது? நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிள் வாங்கிப் போகிறார்கள். காஷ்மீரத்திலிருந்து வந்த பழம் என்றால் ஒரு மதிப்பு! ஆனால் 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் 'சி' 5 மில்லி கிராம் கூட இல்லை. ஆயக்குடிக் கொய்யா போன்ற கொய்யாவில் 200-க்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சுப் பழம் கூட அதற்குக் கிட்டே வர முடியாது. கீரைப் பொரியலில் எலுமிச்சம் பழம் பிழிந்தாலும் பலன் உண்டு.

பீட்ரூட்டும் சுவரொட்டியும்

சிவப்பாக இருப்பதால் பீட்ரூட் ரத்தமாக மாறும் என்று நம்புகிறவர்கள் பலர். அந்தச் சிவப்பு வெறும் சாயம். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லி கிராம் அளவுக்குத்தான் தேறும். நல்ல காய்தான், ரத்த மருந்து அல்ல.

கறிக் கடையில் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் பழக்கம் அப்படி அல்ல. அது சரியான பழக்கம். சுவரொட்டியிலும் ஈரலிலும் இரும்பு ஏராளம். அது கீரை இரும்பைவிட எளிதில் உடம்பில் சேரும். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. வாங்கி வந்த சுவரொட்டி பிள்ளைகளுக்குப் போகிறது. கறி, கணவனுக்கும் மாமனாருக்கும் போகிறது. கடைசியில் உட்காரும் பெண்ணுக்குக் குழம்பும் சோறும் மிஞ்சுகிறது.

வெள்ளை அரிசிச் சோற்றில் இரும்பு மிகக் குறைவு. 100 கிராம் கம்பில் 6 மில்லி கிராம் உண்டு. அரிசியில் ஒன்று கூட இல்லை. கம்பங்கூழ் ஏழை ஆகாரம் என்று ஒதுக்கியது தவறு. ஆனால் "கம்பு தின்றால் சர்க்கரை ஏறாது" என்று நீரிழிவுக்காரர்கள் வயிறு முட்டச் சாப்பிடுவதும் தவறு. கம்பிலும் பாதிக்கு மேல் மாவுச் சத்துதான். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் அவர்கள் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

மாத்திரை மீது பயம்

கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். நாளுக்கு ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும். பல வீடுகளில் அது அலமாரியில் தூங்குகிறது. "மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்" என்று மாமியார் தடுக்கிறார். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு அந்தப் பயம் இன்னும் பெருகுகிறது.

உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது. பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழி வருவது. குங்குமப்பூ அதை வெளுக்க வைப்பதும் இல்லை. மாத்திரை கறுக்க வைப்பதும் இல்லை. குமட்டினால் மாத்திரையை நிறுத்திவிடாமல், டாக்டரையோ நர்ஸையோ கேட்டு வேளையை மாற்றிக் கொள்ளலாம். பாலோடும் டீயோடும் மட்டும் விழுங்கக் கூடாது.

குடலில் கொக்கிப் புழு இருந்தால் எதைத் தின்றும் பயன் இல்லை. அது ரத்தத்தை உறிஞ்சிவிடும். வெறுங்காலோடு அசுத்தமான மண்ணில் நடப்பவர்களின் பாதம் வழியாக அது உள்ளே நுழைகிறது. அதற்கான மாத்திரையைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அதைத் துப்பிவிடாமல் பார்க்க வேண்டும்.

ரத்த சோகை இருக்கிறதா என்று அறிய, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு அளவு 12-க்குக் கீழே இருந்தால் ரத்த சோகை. கர்ப்பிணிக்கு 11. இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது.