அடையாளம் காணும் வேலை குழியில் தொடங்கட்டும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மண்ணைத் தோண்டும்போது மனித எலும்பு வெளிப்படுவது புதிதல்ல. சித்தன்னவாசல் பகுதியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ளன. மாவட்டத்தின் வேறு பல ஊர்களிலும் முதுமக்கள் தாழிகள் கிடைத்திருக்கின்றன. பாழடைந்த கிணறும், கைவிட்ட கல்குவாரியும், கருவேலம் மண்டிய கண்மாயும் அதே மண்ணில்தான் இருக்கின்றன. காணாமற்போன ஒருவரின் எலும்பும் அங்கே கிடைக்கலாம். காவல்துறை முதலில் கேட்பது "யாருடையது?" என்றுதான். தடயவியல் மருத்துவர் அதற்கு முன்பே "எந்தக் காலத்தது?" என்பதற்கு விடை கண்டாக வேண்டும்.

நிறத்தையும் எடையையும் மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. அமிலத்தன்மையுள்ள மண்ணில் சில ஆண்டுகளிலேயே எலும்பு அரிக்கப்பட்டுப் பழையதுபோல் தோன்றும். பெரும்பாலும் விடை எலும்பைச் சுற்றித்தான் கிடக்கிறது: கறுப்பு சிவப்புப் பானை ஓடு கிடந்தால் ஒரு கதை, சட்டைப் பொத்தானோ அடைத்த பல்லோ கிடந்தால் வேறு கதை. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில், ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டுடன் நீலநிறப் பள்ளிப் பையும் பொம்மையும் வெளிவந்தன. எந்த எலும்போடு எது கிடந்தது என்ற பதிவு இருந்தால்தான் அவை பேசும்.

தடயவியல் மருத்துவர்களான நம்மிடமோ எலும்புகள் பல நேரங்களில் சாக்குமூட்டையில் வந்து சேர்கின்றன. மண்டையோடும் தொடை எலும்பும் இருக்கும், சிறியவை இருப்பதில்லை. காறை எலும்பின் மார்புப்பக்க நுனியில் வளரும் மெல்லிய தகடு இருபதுகளில்தான் எலும்போடு முழுதாக ஒட்டுகிறது. இறந்தவர் இருபதைத் தாண்டியவரா, முப்பதைத் தாண்டியவரா என்று சொல்ல இதைவிட நல்ல குறி அரிது. ஒட்டாத தகடு விரல்நக அளவே இருக்கும். மண்வெட்டியில் அள்ளினால் போய்விடும். கழுத்து நெரிப்பைக் காட்டக்கூடிய நாவடி எலும்புக்கும் அதே கதிதான். முன்பற்களுக்கு ஒற்றை வேர் என்பதால் தசை அழுகியதும் கழன்று விழுகின்றன. சிரித்த முகத்துப் புகைப்படத்தோடு மண்டையோட்டை மேற்பொருத்தும்போது நமக்கு மிகவும் தேவைப்படுபவை அந்தப் பற்கள்தான். சல்லடையில் மண்ணைச் சலித்தால் மட்டுமே அவை கிடைக்கும்.

மேற்பொருத்தலை நீதிமன்றங்கள் வெகுகாலமாக ஏற்று வந்திருக்கின்றன. ராம் லோச்சன் அகிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960களிலேயே அதைச் சான்றாக ஏற்றது. 1996இல் மருத்துவ மாணவர் ஒருவர் கொலையான வழக்கில் தலை சிதம்பரத்திலும் உடல் சென்னையிலும் கிடைத்தன. மேற்பொருத்தலோடு ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் மரபணுச் சோதனையும் சேர்ந்து நின்றது. உயர் நீதிமன்றத்தில் விடுதலையானவருக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ஒரு முறையை மட்டும் நம்பாமல் ஒன்றுக்கொன்று துணையாக வைப்பதே நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

ஆய்வகம் எவ்வளவு வளர்ந்தாலும் குழியில் தொலைந்ததை அதனால் மீட்க முடியாது. சட்டத்தில் இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு. எலும்பு கிடைக்கும் முதல் நாளில் அது குற்றமா என்பதே தெரியாது. 194ஆம் பிரிவின் கீழ் சந்தேக மரணமாகப் பதிவாகும்போது அந்தக் கட்டாயம் பொருந்தாமல் போகிறது. வல்லுநர் மிகவும் தேவைப்படும் நாளில் அவர் அழைக்கப்படுவதில்லை.

ஆகவே நாம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். எலும்பு தென்பட்டதும் ஜே.சி.பி. நிற்கட்டும்; கிராம நிர்வாக அலுவலரும் காவல் நிலையமும் இடத்தைக் காக்கட்டும். 194ஆம் பிரிவு விசாரணையிலும் அரசு மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர் குழிக்கே வருவதை மாவட்ட நிர்வாகம் நடைமுறையாக்கட்டும். தாழியின் அறிகுறி தெரிந்தால் தொல்லியல் துறைக்கும் அன்றே தகவல் போகட்டும். நான்காவது நமக்கே உரியது: வயதையும் உயரத்தையும் ஒற்றை எண்ணாக எழுதாமல் வரம்போடு எழுதுவோம், பருவமடையாத குழந்தையின் பாலினத்தை எலும்பின் வடிவத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்லாதிருப்போம். காணாமற்போனவரின் வீட்டார் நம் அறிக்கையை நம்பித்தான் ஈமக்கடன் செய்கிறார்கள். அதில் ஊகத்துக்கு இடமில்லை.