டெண்டரில் மிச்சமாகும் பணம் யாருடையது?

ஆய்வுக்காகக் கொங்குப் பகுதி நகராட்சி ஒன்றில் தூய்மைப் பணியாளர்களோடு சில மாதங்கள் சுற்றினேன். 2020 பொதுமுடக்கத்துக்குப் பிந்தைய நாட்கள். கட்டட வேலைகள் படுத்துவிட்டதால், அதுவரை சாக்கடை கட்டியவர், ரோடு போட்டவர் எல்லாம் குப்பை டெண்டருக்கு வந்தார்கள். ரேட்டை அடித்துக் குறைத்து எடுத்தவர் என்னிடம் மறைக்கவில்லை: "லாபம் பார்த்துப் போடலைங்க தம்பி. வண்டித் தவணை நிக்குது. வேலை ஓடுனாப் போதும்."

அவர் நிலைமையும் புரிகிறது. ஆனால் டீசல் விலையை அவர் குறைக்க முடியாது, தவணையையும் குறைக்க முடியாது. வெட்டுவதற்கு மிஞ்சுவது கூலியும் பி.எஃப்.பும் ஆள் எண்ணிக்கையும்தான். குப்பை அள்ளும் அக்கா ஒருவர் சொன்னார்: "நாலு பேரு பார்த்த தெருவ இப்ப ரெண்டு பேரு பாக்கறோம் கண்ணு. கையுறையக்கூட நீங்களே வாங்கிக்கங்கறாரு."

இதைச் சந்தைப் போட்டி என்பார்கள். நெருக்கடியில் எந்தத் தொழிலிலும் ரேட் விழும், உண்மைதான். ஆனால் எவ்வளவு வெட்டினாலும் ஆள் வரும் என்ற தைரியம் இந்தக் கான்ட்ராக்டருக்கு எங்கிருந்து வந்தது? 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். சமையலறைக் கதவை அடைக்கும் ஊர், குப்பை வண்டியை மட்டும் திறந்து வைக்கிறது. அந்த மலிவு ரேட்டின் அடித்தளம் சாதி.

தகுதியானவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பது 1998-இன் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம். குழாய் வாங்க அது சரி. மனித உழைப்பே மொத்தச் செலவாக இருக்கும் வேலையில், குறைந்த விலை என்றால் குறைந்த கூலி. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்ததும் இதனால்தான்: தனியாரிடம் போனால் கூலி குறையும். நள்ளிரவில் போலீஸ்தான் வந்தது.

பணி நிரந்தரமே நம் கோரிக்கை. அதுவரை கூலியை ஏலத்திலிருந்து வெளியே எடுங்கள். கூலியையும் பி.எஃப்.பையும் ஆள் எண்ணிக்கையையும் நகராட்சியே நிர்ணயிக்கட்டும். கான்ட்ராக்டர்கள் தங்கள் கமிஷனில் மட்டும் போட்டி போடட்டும். கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த நிர்வாகமே தர வேண்டும் என்று 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருக்கிறது.

உங்கள் ஊர் நகராட்சி டெண்டரில் இத்தனை லட்சம் மிச்சம் என்று அறிவித்தால், தோழர்களே, அது யார் கூலி என்று கேளுங்கள்.