முழுக்குக்குப் பிறகு வளர வேண்டியது யார்?

ஞானஸ்நானம் ஆயிடுச்சு, இனி ஆவியில் வளரணும். ஜெபத்தில் வளரணும், வேத வாசிப்பில் வளரணும், காணிக்கையில் வளரணும். சேரிச் சபைகளில் நம்ம சனங்க ஓயாமல் கேட்கிற பிரசங்கம் இது. வளர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதை எந்தக் கோலால் அளக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையை 1690இல் ஆங்கிலேயக் கும்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அந்தக் கோட்டையை ஒட்டிய கடலூரில் பிறந்தவர் ஆரோன், வேளாளர். 1718இல் தரங்கம்பாடி மிஷனில் முழுக்குப் பெற்றார். 1733இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் சுதேசி புராட்டஸ்டண்ட் குரு என்று திருச்சபை வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. முழுக்கிலிருந்து பீடத்துக்கு 15 வருஷம்.

அதே காலத்தில் இராசநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர், தஞ்சை மன்னரின் படைவீரர், பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷத்தைப் படித்து மிஷனுக்கு வந்தவர். எதிர்ப்புகளுக்கு நடுவே தஞ்சைச் சீமையில் சபைகளைக் கட்டினார். அவருக்கும் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. பறையர் கையால் திருவிருந்து வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் அதைக் கைவிட்டார்கள். சாகும்வரை அவர் உபதேசியார்தான்.

இதில் வளராமல் போனது யார்? இராசநாயக்கன் வளர்ந்தார். அவர் கையிலிருந்து அப்பம் வாங்கக் கூசியவர்கள் வளரவில்லை. அந்தக் கூச்சத்துக்குப் பணிந்த மிஷனும் வளரவில்லை.

வேதத்திலேயே இதற்கு அளவுகோல் இருக்கு. கொர்நேலியு வீட்டில் பாடம் கற்ற பேதுரு, அந்தியோகியாவில் ஆட்களுக்குப் பயந்து புறசாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைக் கண்டித்தார் (கலாத்தியர் 2). பேதுரு ஜெபிக்கவில்லை என்றா கண்டித்தார்? பந்தியை விட்டு எழுந்ததற்காகக் கண்டித்தார். அப்போஸ்தலனுக்கே வளர்ச்சி சோதிக்கப்பட்ட இடம் சாப்பாட்டுப் பந்தி.

1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே கைவிடச் சொன்னபோது, சென்னையிலும் தஞ்சையிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். 2008இல் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித்துகள் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் முழுக்குப் பெற்றவர்களே.

அரசின் நியாயமோ வேறு தினுசு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் 1956இல் சீக்கிய தலித்துகளும் 1990இல் பௌத்த தலித்துகளும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ தலித்துகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். தண்ணியில சாதி கரைஞ்சு போச்சுங்குது அரசு. கல்லறையில சாதி இருக்குங்குது சபை. ரெண்டு பக்கமும் அடி வாங்குறவன் தலித்.

ஆகவே தோழர்களே, திடப்படுத்தல் வகுப்பிலும் வாலிபர் கூட்டத்திலும் கேளுங்கள்: நம் சபையில் அப்பம் பிட்பது யார்? கணக்குப் பெட்டி யார் கையில்? குழி வெட்டுவது யார்? குருவானவர் வீட்டுக் கல்யாணம் எந்தச் சாதிக்குள் நடக்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் மாறாத சபையில் உபவாசம் எத்தனை நாள் இருந்தாலும் அது வெறும் பட்டினி. நனைந்தது தலை மட்டும். நெஞ்சு இன்னும் காய்ந்தே கிடக்கிறது.