அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்ட தூதர்

2019 மே 1 அன்று டோக்கியோ அரண்மனையில் நருஹிதோ ஜப்பானின் 126ஆவது பேரரசராகப் பொறுப்பேற்றார். அரச வாளையும் மணிக்கல்லையும் அவர் முன் கொண்டுவந்து வைத்த அந்தச் சில நிமிடச் சடங்கில் அவருடைய மனைவி மசாகோ இல்லை. அரச குடும்பத்துப் பெண்கள் அதில் கலந்துகொள்வதில்லை என்பது வழக்கம். ஆனால் அதே அறையில் ஒரு பெண் இருந்தார். அன்றைய அமைச்சரவையின் ஒரே பெண் அமைச்சரான சத்சுகி கதயாமா, பதவியின் பேரில் அங்கே நின்றிருந்தார். அமைச்சராக வந்த பெண்ணுக்கு இடம் இருந்தது, மருமகளாக வந்த பெண்ணுக்கு இல்லை.

மசாகோ அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு அப்போது ஏறக்குறைய 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1963 டிசம்பரில் பிறந்தவர் மசாகோ ஓவாதா. தந்தை ஹிசாஷி ஓவாதா வெளியுறவுத் துறை அதிகாரி. பின்னாளில் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராகவும் இருந்தார். தந்தையின் பணி காரணமாக மகளின் இளம்பருவம் மாஸ்கோ, நியூயார்க் என்று ஊர் ஊராகக் கழிந்தது. 1985இல் ஹார்வர்டில் பொருளாதாரப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, பெண்கள் வெகு சிலரே தேறிவந்த ஜப்பானிய வெளியுறவு அமைச்சகத் தேர்வில் தேறினார். அமைச்சகம் அவரை ஆக்ஸ்போர்டுக்குப் படிக்க அனுப்பியது. திரும்பி வந்ததும் வட அமெரிக்கப் பிரிவில் வேலை. அமெரிக்காவோடு ஜப்பானுக்கு வர்த்தகத் தகராறு முற்றியிருந்த காலம் அது. முப்பது வயதுக்குள் அந்த மேசைக்கு வந்துவிட்டவர் இன்னும் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பட்டத்து இளவரசர் பெண் கேட்டபோது அவர் உடனே சம்மதிக்கவில்லை. அரச வாழ்க்கை குறித்த அச்சம் இருக்கும் என்பது தெரியும், ஆனாலும் வாழ்நாள் முழுதும் என் சக்தி அனைத்தையும் கொண்டு உங்களைக் காப்பேன் என்று நருஹிதோ வாக்குக் கொடுத்ததை, 1993 ஜனவரியில் நடந்த நிச்சயதார்த்தச் செய்தியாளர் சந்திப்பில் மசாகோவே சொன்னார். அந்தச் சந்திப்பில் அவர் இளவரசரைவிட 28 விநாடி அதிகம் பேசிவிட்டார் என்று கணக்கெடுத்துக் குறை சொன்னவர்களும் உண்டு. புகுந்த வீட்டின் வாசலை மிதிக்கும் முன்பே தொடங்கிவிட்டது அந்த அளவெடுப்பு.

அரச குடும்பத்தின் வழியாகவும் நாட்டுக்காகத் தூதுப் பணி செய்யலாம் என்று நம்பித்தான் அவர் போனார். 1993 ஜூன் 9இல் திருமணம் நடந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி நாடு கேட்ட கேள்வி ஒன்றுதான். நம் ஊர்ப் பெண்களிடம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பார்களே, அதே கேள்விதான். ஆறு ஆண்டுகள் கழித்து, 1999 டிசம்பரில், கர்ப்பம் உறுதியாகும் முன்பே செய்தி வெளியாகி நாடே பரபரத்தது. அந்த மாதம் முடிவதற்குள் கரு கலைந்தது. 2001 டிசம்பர் 1இல் மகள் ஐகோ பிறந்தார்.

மகள். சிக்கல் அங்கேதான். 1947ஆம் ஆண்டின் அரச இல்லச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே, ஆண்வழியில் வந்த ஆண் மட்டுமே அரியணை ஏறலாம் என்கிறது. 2002 டிசம்பரில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பயணத்துக்கு முன்பு மசாகோ செய்தியாளர்களைச் சந்தித்தார். வெளிநாடு செல்வது கடினம் என்ற நிலைமைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளப் பெருமுயற்சி தேவைப்பட்டது என்று அப்போது சொன்னார். வெளியுறவு அதிகாரியாக இருந்தவரின் வாயிலிருந்து வந்த சொல் இது. மறு ஆண்டு அக்கி நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பொது நிகழ்ச்சிகளிலிருந்து விலகினார்.

2004 மே மாதம் நருஹிதோ ஐரோப்பா கிளம்பினார், தனியாக. டென்மார்க் இளவரசர் ஆஸ்திரேலியப் பெண்ணான மேரியையும், ஸ்பெயின் இளவரசர் தொலைக்காட்சிச் செய்தியாளரான லெதீசியாவையும் மணந்த திருமணங்கள் அந்த மாதம்தான் நடந்தன. பயணத்துக்கு முன்பு அவர் சொன்னது ஜப்பானை உலுக்கியது. மசாகோவின் பணிவாழ்வையும் ஆளுமையையும் மறுக்கும் போக்குகள் இருந்தன என்றார். பத்தாண்டுகள் இந்தச் சூழலுக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ள முயன்று அவர் களைத்துப்போய்விட்டார் என்றும் சொன்னார். ஒரு பட்டத்து இளவரசர் தன் வீட்டின் மீதே இப்படிப் பேசியது அதற்கு முன் கேள்விப்படாதது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவரிடம் இருந்த ஒரே கருவி அந்த ஒலிவாங்கிதான். அதை அவர் பயன்படுத்தினார். இரண்டு மாதம் கழித்து, மசாகோவுக்கு வந்திருப்பது சூழலுக்கு இணங்கமுடியாமையால் வரும் மனநலக் குறைபாடு என்று அரண்மனை அறிவித்தது.

அதன் பிறகாவது அனுதாபம் வந்திருக்க வேண்டும். வார இதழ்களோ, கடமையைச் செய்யாத இளவரசி என்று ஆண்டுக்கணக்கில் எழுதின. நோயைச் சோம்பல் என்று பெயர் மாற்றி எழுதுவது எந்த நாட்டிலும் கொடுமைதான். பதில் சொல்லும் உரிமைகூட இல்லாத ஒருவரைப் பற்றி எழுதுவது அதைவிடக் கொடுமை. ஜப்பானிய அரச குடும்பத்தாருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாக்குரிமையும் கிடையாது.

மாமியார் மிச்சிகோவும் இதே வழியில் நடந்தவர்தான். மாவு ஆலை நிறுவனத் தலைவரின் மகளான அவர், கருய்சாவா டென்னிஸ் மைதானத்தில் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிதோவைச் சந்தித்து 1959இல் மணந்தார். பட்டத்து இளவரசர் ஒருவரை மணந்த முதல் சாமானியப் பெண் அவர். 1993 அக்டோபரில், இதழ்களின் கடும் விமர்சனத்துக்கு நடுவே மயங்கி விழுந்து, மாதக்கணக்கில் பேச்சை இழந்தார். 2013 டிசம்பரில் கணவரோடு சென்னைக்கு வந்த அந்த மென்மையான பேரரசியைப் பார்த்த நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? அடுத்தடுத்த இரண்டு தலைமுறை மருமகள்களின் உடல்நலத்தை ஒரே வீடு பறித்திருக்கிறது. அதைத் தனிமனித பலவீனம் என்று தள்ளிவிட முடியாது.

மசாகோ மீண்டு வந்ததையும் சொல்ல வேண்டும். பேரரசியான அதே மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப் தம்பதி வந்தார்கள். மசாகோ மொழிபெயர்ப்பாளர் உதவியின்றி அவர்களோடு உரையாடினார். அடுத்த மாதம் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் தம்பதியிடம் பிரெஞ்சில் பேசினார். 1993இல் பூட்டிவைத்த திறமை அப்படியே இருந்ததை மக்கள் கண்டார்கள். நோத்தோ தீபகற்பத்தில் 2024 புத்தாண்டு அன்று நிலநடுக்கம் வந்தபோது, மறுநாள் நடக்கவிருந்த புத்தாண்டு வாழ்த்து நிகழ்ச்சியை அரண்மனை ரத்து செய்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் பேரரசர் தம்பதி அங்கே சென்று, வீடிழந்தவர்களைச் சந்தித்து ஆறுதல் சொன்னார்கள். பேரரசியின் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். செஞ்சிலுவைச் சங்கத்தின் கௌரவத் தலைமையும், அரண்மனையில் பட்டுப்புழு வளர்க்கும் மரபும் அவரைச் சேர்ந்தவைதான். ஆனால் துயரத்தில் இருப்பவர் அருகில் போய் நிற்பதே முதல் வேலை. அதே ஆண்டு ஜூனில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது.

ஒருவர் குணமடைந்துவிட்டார் என்பதால் சட்டம் நல்லதாகிவிடாது. 2005இல் அரசு அமைத்த நிபுணர் குழு, பெண்களும் அரியணை ஏறலாம் என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டு நருஹிதோவின் தம்பி குடும்பத்தில் ஹிசாஹிதோ என்ற ஆண் குழந்தை பிறக்க, பரிந்துரை பரணில் ஏறியது. இன்று வாரிசு வரிசையில் இருப்பவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர் 1935இல் பிறந்தவர். நாளை ஹிசாஹிதோவை மணக்கப்போகும் பெண் யாராயினும், ஆண் குழந்தை பெற வேண்டும் என்ற அதே பாரம் மணநாளிலேயே அவர் தோளில் ஏறும்.

மரபு என்ற வாதமும் நிற்காது. ஜப்பானிய வரலாற்றில் எட்டுப் பெண்கள் அரியணையில் இருந்திருக்கிறார்கள். கடைசியாக ஆண்ட கோ சகுராமாச்சி ஏறியது 1762இல். பழைய அரச குடும்பங்களில் சுவீடன் 1980இலும், நார்வே 1990இலும், டென்மார்க் 2009இலும், பிரிட்டன் 2013இலும் சட்டத்தை மாற்றி, முதல் குழந்தைக்கே முதல் உரிமை என்றாக்கின. பெண்களுக்கு எதிரான பாகுபாடு குறித்த ஐ.நா. குழு 2024இல் இதையே ஜப்பானுக்குச் சொன்னது. தன் நிதியை அந்தக் குழுவுக்குச் செலவிடக் கூடாது என்று ஜப்பானிய அரசு 2025 ஜனவரியில் பதிலடி கொடுத்தது. கருத்துக் கணிப்புகளில் பெண் பேரரசரை ஏற்கத் தயார் என்று பெரும்பான்மை மக்கள் சொல்லும் நாட்டில், அரசு இப்படி முகம் திருப்பிக்கொள்வது வருத்தம் தருகிறது.

ஐகோ பட்டப்படிப்பை முடித்து, 2024 ஏப்ரல் முதல் செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். இன்றைய சட்டப்படி அவரால் அரியணை ஏற முடியாது. சாமானியர் ஒருவரை மணந்தால் அரச குடும்பத்தில் நீடிக்கவும் முடியாது. அரச இல்லச் சட்டத்தின் அந்த முதல் பிரிவைத் திருத்தும் அதிகாரம் அரண்மனைக்கு இல்லை, நாடாளுமன்றத்துக்கே உண்டு. இன்னொரு மருமகள் அந்த வாசலை மிதிக்கும் முன் ஜப்பானிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைச் செய்து முடிக்க வேண்டும்.