சூதுக்கு ஒரு கணக்குப் புத்தகமா?

நம்மவரில் படித்தவர் என்று பேர்பெற்ற வாலிபர் சிலரிடையே இப்போது ஒரு புதுவிதப் பாராயணம் நடந்து வருகிறது. கையிலே ஒரு நோட்டு. நோட்டிலே தேதி, நேரம், கொண்டுபோன தொகை, கொண்டுவந்த தொகை. அதன் கீழே 'நேற்றைய வெற்றிகள்', 'நேற்றைய தவறுகள்' என்று பத்தி பத்தியாகக் குறிப்பு. பரீட்சைக்குப் படிக்கிறார்களோ, புதிதாக வியாபாரம் தொடங்கியிருக்கிறார்களோ என்று வாசகர் மகிழ்ந்துவிட வேண்டாம். இரவெல்லாம் கைப்பேசியில் காசு வைத்துப் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடிவிட்டு, மறுநாள் கூலிம் பட்டணத்துக் காப்பிக் கடையிலோ, கரங்கான் பக்கத்துத் தோட்ட ஆபீஸ் திண்ணையிலோ உட்கார்ந்து, ஆடிய ஆட்டத்தை ஆராய்ச்சி செய்கிறார்களாம். கேட்டால், "இது சூதன்று, சாஸ்திரம், தவறுகளைத் திருத்திக்கொண்டே போனால் இலாபம் தானே வரும்" என்கிறார்கள்.

அறியாதார்க்கு ஆட்டத்தின் இயல்பைச் சிறிது சொல்லிவைப்போம். மேசைக்கு ஆறு பேர். ஒவ்வொருவனுக்கும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவிலே எல்லார்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுப் படிப்படியாகத் திறக்கப்படும். ஏழிலே சிறந்த ஐந்தை உடையவனுக்கோ, மற்றவரெல்லாம் அஞ்சிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டால் கடைசிவரை நின்றவனுக்கோ நடுவில் சேர்ந்த பணம் போகும். ரொக்க ஆட்டத்தில் வேண்டியபோது உட்காரலாம், வேண்டியபோது எழுந்திருக்கலாம். எழுந்திருக்கலாம் என்பது ஏட்டில் உள்ள விதி.

இவ்வாட்டத்தில் திறமை உண்டா? உண்டு. அதை மறுக்க நாம் வரவில்லை. தமிழ்நாட்டரசு 2022இல் இயற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஆராய்ந்த சென்னை உயர்நீதிமன்றம், 2023 நவம்பரில், சட்டம் செல்லும் என்று கூறியபோதே, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களாகையால் அவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது செல்லாதென்றும் தீர்ப்புரைத்தது. இத்தீர்ப்பை நம் வாலிபர் மந்திரம்போல் ஓதுகின்றனர். 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையாயினும் தற்செயலாயினும் காசு வைத்து இணையவழி ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்துச் சட்டம் செய்ததை மட்டும் ஓதுவதில்லை. இவர்களுக்கு ஒரு தலபுராணமும் உண்டு. 2003இல் அமெரிக்காவிலே கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்கர் 86 டாலர் கட்டி, இணையவழிப் போட்டியொன்றில் வென்று, அதன் வழியே உலகப் போட்டியில் நுழைந்து, 25 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். மெய்தான். அவ்வாண்டு அப்போட்டியில் உட்கார்ந்தவர் 839 பேர். மற்ற 838 பேருடைய நோட்டைப் பற்றி ஒருவரும் புராணம் பாடக் காணோம்.

புராணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பாரதத்துத் தருமர் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் தோற்று, எல்லாம் திரும்பக் கிடைத்த பின்னர், அழைத்ததும் இரண்டாம் முறையும் போய் உட்கார்ந்தாரே, அந்த இடைவேளையில் அவரும் 'முதல் ஆட்டத்துத் தவறுகள்' என்று எழுதிப் பார்த்துத்தான் புறப்பட்டிருப்பார் போலும்!

நம் படித்த வாலிபர் யாரைக் கண்டு சிரிக்கிறார்களென்று பாருங்கள். நாலு நம்பர் எடுக்கும் தோட்டத்துக் கிழவியைக் கண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கத் தக்க மடமைதான், நாமும் மறுக்கோம். விபத்தில் நசுங்கிய காரின் எண், இறந்தவரின் அடையாளக் கார்டு எண், மரத்தடிச் சாமி சாம்பலில் கீறிய எண் என்று தேடி அலைவது பகுத்தறிவுடையார்க்குத் தகுமா? இந்த நம்பர் வழக்கம் பிறந்ததே நம் கெடாவில்தான் என்பர். 1951இல் ஒரு பள்ளி மாணவன் தன் மிதிவண்டியைப் பரிசாக வைத்து இரண்டிலக்கச் சீட்டு விற்றது அதன் தொடக்கமாம். அந்த மிதிவண்டி ஓடிய தூரம் கொஞ்சமன்று! 2021 நவம்பரில் கெடா அரசு நம்பர்க் கடைகளின் லைசென்சைப் புதுப்பிப்பதில்லையென அறிவித்தது. ஆயினும் கூலிமிலிருந்து பினாங்கு எவ்வளவு தூரம்?

ஆனால் கிழவியின் நட்டத்தையும் சாஸ்திரியின் நட்டத்தையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்போமா? நாலு நம்பரில் உள்ள எண்கள் 10,000. பெரிய ஆட்டத்தில் எல்லா எண்ணுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் முதற்பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்துக்கு 1,800, ஆறுதற் பரிசு பத்துக்கு 600, ஆக 6,400 வெள்ளி திரும்பும். அஃதாவது வெள்ளிக்கு 36 காசு நட்டம். புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் இரண்டிரண்டு வெள்ளி கட்டும் கிழவி சராசரியாக வாரத்துக்கு 2 வெள்ளி 16 காசு இழக்கிறாள். இழந்துவிட்டுத் தூங்கப் போகிறாள். இனிச் சாஸ்திரியின் கணக்கு.

அந்தக் கணக்கை நாம் வேறெவரிடமும் கேட்டு வாங்கவில்லை. அந்நோட்டு நம்முடையது.

ஆம்; ஆங்கிலப் பள்ளியில் படித்து, தோட்டத்திலே செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணியாகிய நாமும் ஒன்பது மாதம் இவ்வேதத்தை ஓதினோம். 71 இரவுகள், இரவுக்கு மூன்று மணி நேரமாக 213 மணி நேரம், ஒரே சமயத்தில் இரண்டு மேசை. வென்ற இரவுகள் 38; தோற்ற இரவுகள் 33. வென்ற தொகை 2,914 வெள்ளி; தோற்ற தொகை 4,226 வெள்ளி. பாதிக்கு மேற்பட்ட இரவுகளில் வென்றும் நிகர நட்டம் 1,312 வெள்ளி. நோட்டைப் புரட்டினால் வெற்றிக் குறிப்புகளே நீளம். இரண்டு ராஜா வைத்திருந்து, எதிரியின் இரண்டு ஆஸை வென்ற இரவில், "துணிவாகக் கட்டினோம்" என்று எழுதியிருக்கிறோம். இரண்டு ஆஸ் வைத்திருந்து இரண்டு ராஜாவிடம் தோற்ற இரவில், "துரதிர்ஷ்டம்" என்று எழுதியிருக்கிறோம். இரண்டு ஆஸும் இரண்டு ராஜாவும் எதிர்ப்பட்டால் ஐந்தில் ஏறக்குறைய ஒரு முறை ராஜா வெல்வது சீட்டின் இயல்பு. அதற்குத் துணிவும் இல்லை, துரதிர்ஷ்டமும் இல்லை. மரத்தடிச் சாமியின் சாம்பலுக்கும் நம் மசிக்கும் என்ன வேற்றுமை?

இதனினும் பெரிய வெட்கம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரைப் பைத்தியத்தில், எல்லாக் கைகளின் பதிவையும் எடுத்து, ஆட்டம் நடத்துவோன் ஒவ்வொரு நடுப்பணத்திலிருந்தும் கிள்ளிக்கொண்ட கமிஷனைக் கூட்டினோம். நூற்றுக்கு ஐந்து, பத்து வெள்ளி சேர்ந்தால் ஐம்பது காசு, கண்ணுக்குத் தெரியாது. நாம் வென்ற கைகளில் மட்டும் அவ்விதம் போனது 1,480 வெள்ளி. இப்போது வாசகரே கழித்துப் பாருங்கள். கமிஷன் இல்லாதிருந்தால் நாம் 168 வெள்ளி இலாபக்காரர்! ஒன்பது மாதமாக எந்தத் தவறுகளை எழுதி எழுதித் திருத்தினோமோ, அந்தத் தவறுகளால் நாம் தோற்கவில்லை. நாம் தோற்றது நோட்டில் பத்தியே இல்லாத ஒரு செலவினால். செக்ரோலில் ஒரு பிடித்தப் பத்தியை விட்டு எழுதினால் மானேஜர் நம்மை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். சொந்தக் கணக்கில் ஒன்பது மாதம் விட்டு எழுதினோம். மணிக்கு ஏறக்குறைய ஏழு வெள்ளி! கிழவி மூன்று வாரத்தில் இழப்பதை நாம் ஒரு மணியில் கொடுத்துவந்தோம். கொடுத்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தோம்.

மேசை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். ஆறு பேர் தலைக்கு நூறு வெள்ளியோடு உட்காருகிறார்கள். மேசையில் 600 வெள்ளி. மணிக்கு எழுபது கை. அவற்றில் நாற்பதில் ஐம்பது காசு வீதம் கமிஷன் போனாலும் மணிக்கு 20 வெள்ளி. முப்பது மணி நேரத்தில் 600 வெள்ளியும் நடத்துவோன் பெட்டிக்குள். ஆறு பேரும் ஒரு தவறும் செய்யாத மேதைகளாயிருந்தாலும் முடிவு அதுவே. அப்புறமும் ஆட்டம் நடக்கிறதென்றால், ஒவ்வொரு சம்பள நாளிலும் புதுப் பணம் வந்து உட்காருவதனால்தான். வெல்பவன் ஒருவனும் இல்லையா? இருக்கிறான். மற்ற ஐவரைவிடச் சிறிது கெட்டிக்காரனாயிருந்தால் போதாது. கமிஷனையும் தாண்டி வெல்லும் கெட்டிக்காரனாயிருக்க வேண்டும். அவன் யாரென்று அறிய அவனுக்கே ஆயுள் போதாது. நாம் ஆடியது ஏறக்குறைய 30,000 கை. அத்தனைக்குப் பின்பும், வெறும் சீட்டின் போக்கினாலேயே நம் கணக்கு 1,500 வெள்ளி மேலோ கீழோ போயிருக்கக் கூடும். ஆகவே, நாம் பெருமையாகச் சொன்ன அந்த 168 வெள்ளியும் திறமைக்குச் சாட்சியாகாது. ஒரே ஓர் இரவின் ஆறு கையை வைத்து ஆராய்ச்சி நடத்துவோரை என்னென்பது!

எதிரே உட்கார்ந்திருப்பவன் மனிதன்தானா என்பதும் தெரியாது. 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் ஃபேஸ்புக் ஆராய்ச்சியாளரும் செய்த புளூரிபஸ் என்னும் கணினி நிரல், ஆறு பேர் ஆடும் இதே ஆட்டத்தில் முதல்தர ஆட்டக்காரரை வென்றது. அதைப் பயிற்றுவிக்க ஆன கணினிச் செலவு 150 டாலருக்குள் என்றனர். நம் நோட்டின் தவறுப் பத்தி அதனோடு போட்டியிடுமா?

நியாயம் ஒன்று சொல்லிவிட வேண்டும். பழைய கைகளைச் சோதிப்பதால் ஒரே ஒரு பெரு நன்மை விளைந்ததுண்டு. அப்சலூட் போக்கர், அல்டிமேட் பெட் என்னும் இரு கம்பெனிகளில் உள்ளாட்கள் சிலர் பிறர் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஆடி இலட்சக்கணக்கில் சுருட்டியதை, 2007, 2008ஆம் ஆண்டுகளில், ஆட்டக்காரரே பதிவுகளை வரிவரியாகத் துருவிக் கண்டுபிடித்தனர். அவ்வாராய்ச்சியை நாம் போற்றுகிறோம். அவர்கள் தேடியது தம் தவற்றையல்ல, நடத்துவோன் தவற்றை. 2011இல் அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்தபின், ஃபுல் டில்ட் என்னும் கம்பெனி ஆட்டக்காரருக்கு ஏறக்குறைய 39 கோடி டாலர் தரவேண்டியிருக்க, வங்கியில் 6 கோடிதான் வைத்திருந்ததென அரசு வழக்கறிஞர் குற்றஞ்சாட்டினார். எத்தனை பேர் தம் நோட்டில் 'இலாபம்' என்று எழுதி வைத்திருந்தனரோ!

இனிச் சொல்ல மனம் கூசும் ஒன்று. நாம் ஆடியது தெரிந்தவர் மூலம் சேர்க்கப்படும் ஒரு மறைமுகக் குழு. மேசையில் எல்லார்க்கும் புனைபெயர். ஏஜெண்டு ஒருவன் வாரந்தோறும் கணக்குத் தீர்ப்பான். ஓர் இரவின் குறிப்பு இப்படியிருக்கிறது: "வெற்றி 212. எதிரி பொறுமையிழந்து கண்மூடித்தனமாகக் கட்டினான். அவன் பலவீனத்தைச் சரியாகப் பயன்படுத்தினோம். தவறு இல்லை." மறுநாட் காலை, தோட்டத்தில் லாரி ஓட்டும் வாலிபன் ஆபீசுக்கு வந்து, "கிராணி ஐயா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவிருக்கு, ஒரு இருநூறு வெள்ளி முன்பணம் கிடைக்குமா?" என்று கேட்டான். சீட்டெழுதிக் கொடுத்தோம். கொடுத்ததோடு நின்றோமா? "சிக்கனமாயிரு, தம்பி, நம்பர் கிம்பர் எடுத்துக் காசைக் கரியாக்காதே" என்று உபதேசமும் செய்தோம். இரண்டு மாதங் கழித்து ஏஜெண்டு வாய்தவறிச் சொன்னபோதுதான், அன்றிரவு மேசையில் பொறுமையிழந்தவன் இவனென்று தெரிந்தது. 212 வெள்ளி, மாதம் 1,700 வெள்ளி வாங்குபவனுக்கு மூன்று நாள் உழைப்புக்கும் மேல். திருப்பிக் கொடுக்கச் சென்றோம். "அப்போ அது நீங்களா ஐயா?" என்று சிரித்தான். பணத்தை வாங்க மறுத்துவிட்டான். வாங்கிய முன்பணத்துக்கு அவன் சம்பளத்தில் பிடித்தம் எழுதியதும் நம் கைதான். அப்பிடித்தம் செக்ரோலில் இருக்கிறது. வெற்றி நோட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கை எழுதியதென்று காட்டும் புத்தகம் எதிலும் இல்லை.

"எங்கள் காசு, எங்கள் பொழுதுபோக்கு, உமக்கென்ன?" என்பார் உண்டு. பொழுதுபோக்கென்றால் நோட்டெதற்கு? சினிமா பார்த்துவிட்டு வந்து எவனாவது 'தவறுகள்' எழுதுகிறானா? இழந்ததை மீட்கலாமென்னும் ஆசைக்கு ஆராய்ச்சியென்று பெயரிட்டு, மறுநாள் உட்காருவதற்கு அந்நோட்டையே அனுமதிச் சீட்டாக வைத்திருக்கிறார்கள். நாம் வைத்திருந்தோம், அறிந்து சொல்லுகிறோம்.

1947இல் பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் செய்து போலீசாரின் அடக்குமுறைக்கு ஆளானார்கள். அவர்கள் பெரும்பாலோர் ஆங்கிலப் பள்ளி வாசலை மிதியாதவர்கள். கடை எங்கேயிருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று கடை சட்டைப் பையில் இருக்கிறது. கடைக்காரன் எந்தத் தேசத்தவனென்றும் தெரியவில்லை. இந்நாட்டுச் சூதாட்டச் சட்டங்களோ 1953இல் பிறந்தவை. மேசையும் கதவும் உள்ள வீட்டை நினைத்து எழுதப்பட்டவை.

இக்கட்டுரையைக் கண்டு நம்மேல் சீறப்போகும் சாஸ்திரிகளுக்கு ஒன்று சொல்லுகிறோம். மறுப்பெழுதுக, வரவேற்கிறோம். எழுதுமுன் உங்கள் நோட்டில் மூன்று பத்தி கூடக் கோடிழுத்து, ஓராண்டுக் கணக்கை நிரப்பி, அதனையும் இப்பத்திரிகைக்கு அனுப்புங்கள்: நடத்துவோன் எடுத்த கமிஷன் எவ்வளவு, விழித்த மணிகள் எத்தனை, வென்ற பணம் யாருடையது. மூன்றாவது பத்திக்குப் பெயர் தெரியாவிட்டால், உங்கள் தோட்டத்து முன்பணப் புத்தகத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.